22-ஆவது ஃப்ளாப்பி

அக்கா மகனுக்கு முழுப் பரீட்சை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "மாமா, கொலைய கண்டுபிடிக்கிற மாதிரி கேம் ஏதாவது இருக்கா?" என்று வந்து நின்றான். என் லேப்டாப்பில் 'திம்பிள்வீட் பார்க்'கைத் திறந்து கொடுத்துவிட்டு ஒரு மதியத் தூக்கம் போடப் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து வந்து பார்த்தால், கொலை அப்படியே கிடக்கிறது. பாலத்தடியில் ஆற்றோரம் பிணம் ஊறிக்கொண்டிருக்கிறது. துப்பறிய வந்த ஏஜென்ட்டுகள் இருவரும் நட்டநடுத் தெருவில் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். இவனோ ஆட்டத்துக்குள் இருக்கும் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, பெயர் பெயராக எடுத்து, நம்பர் அடித்துக்கொண்டிருக்கிறான்.

"யாரு மாமா இவங்கெல்லாம்? ஒவ்வொருத்தரும் ஆன்சரிங் மெஷின்ல ஏதேதோ பேசுறாங்க."

"நிஜ மனுஷங்கடா. இந்த கேமுக்குக் காசு கொடுத்தவங்க."

"அப்படின்னா நம்பரையெல்லாம் புக்கு போட்டு ஊருக்கே கொடுத்துட்டாங்களா? பிரைவசி?"

டைரக்டரி என்றால் என்ன என்று விளக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அப்புறம்தான் அந்த டைரக்டரி எப்படி வந்தது என்ற கதை.

1987-ல் ரான் கில்பர்ட், கேரி வினிக் என்ற இரண்டு இளைஞர்கள் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் என்ற நிறுவனத்தில் இருந்தபடி 'மேனியாக் மேன்ஷன்' என்று ஒரு அட்வெஞ்சர் ஆட்டம் செய்தார்கள். திரையின் கீழ்ப்பகுதியில் வினைச்சொற்கள் வரிசையாக இருக்கும். திற, மூடு, எடு, கொடு, தள்ளு, இழு என்று ஒன்றைத் தொட்டு, பிறகு பொருளைத் தொட வேண்டும். அதுவரை இந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் வாக்கியத்தைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால், இது பெரிய நிம்மதி. காலம் போனது, அந்த வகை ஆட்டமே வழக்கொழிந்தது. 2014-ல் அதே இருவரும் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் துண்டை விரித்தார்கள். அந்தக் காலத்தில் செய்த மாதிரியே ஒன்று செய்கிறோம், தூசி படிந்த பழைய மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும் என்றார்கள். கேட்டது 3,75,000 டாலர். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 6,26,000 டாலருக்கு மேல் போட்டுவிட்டார்கள். 2017 மார்ச்சில் அந்த ஆட்டம் 'திம்பிள்வீட் பார்க்' என்ற பெயரில் வந்தது. கதை நடக்கும் வருஷம் 1987. ஊரின் மக்கள்தொகை 80 என்கிறார்கள். டைரக்டரியோ பழைய சென்னை டெலிபோன் டைரக்டரி கனத்துக்கு நீள்கிறது, ஏனென்றால் காசு போட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. பலர் சொந்தக் குரலில் செய்தியும் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஆட்டத்தில் வரும் மாளிகையின் நூலகத்தில் அடுக்கியிருக்கும் புத்தகங்களைத் திறந்தால், அதிலும் ரசிகர்கள் எழுதி அனுப்பிய பக்கங்கள்.

இந்த ஆட்டம் முழுக்க இப்படித்தான். எதைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை, தெரிந்தவர்கள் மட்டும் சிரித்துக்கொள்கிற ஒரு நக்கல். கல்யாண வீட்டில் பெரியப்பா ஏதோ ஒரு வார்த்தை சொல்ல, பந்தியே குலுங்கிச் சிரிக்கும். புதிதாக வந்த மாப்பிள்ளை மட்டும் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார். நான் இந்த ஆட்டத்தை முதல்முறை ஆடியபோது பாதி இடங்களில் அந்த மாப்பிள்ளைதான். 'மேனியாக் மேன்ஷன்' நான் ஆடியதில்லை. அது வந்தபோது எனக்குப் பத்து வயசு, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்க இன்னும் ஆறு வருஷம் பாக்கி.

திம்பிள்வீட் பார்க்கின் செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. உலகத்தில் வேறெந்த ஆட்டத்திலும் நான் இவற்றைப் பார்த்ததில்லை. ஒன்று, கழிப்பறையில் தாள் சுருளின் நுனி முன்பக்கம் தொங்க வேண்டுமா, சுவர்ப்பக்கமா என்பது. அமெரிக்கக் குடும்பங்களில் இது தீராத சண்டையாம். வாளியும் மக்கும் பழகிய எனக்கு அந்தச் சண்டையில் கட்சி சேரவே தெரியவில்லை. இரண்டாவது கட்டம்தான் விஷயம். அதன் பெயரைத் தமிழில் சொன்னால், 'எரிச்சலூட்டும் உள்குத்து ஜோக்குகள்'. டிக்கை எடுத்துவிட்டால் பழைய ஆட்டங்களைப் பற்றிய வசனங்கள் குறைந்துவிடும்.

தான் வைத்த ஜோக்குக்குத் தானே 'எரிச்சலூட்டும்' என்று பெயர் வைத்து, அணைக்க ஒரு சுவிட்சும் கொடுக்கிற எழுத்தாளரை எங்கே பார்த்திருக்கிறோம்? முதலில் இதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். யோசித்தால், இந்தச் சுவிட்சே அந்த ஆட்டத்தின் ஆகப்பெரிய உள்குத்து. உள்ளே வந்து உட்கார்ந்த ரசிகர்தான் அதைப் பார்த்துச் சிரிப்பார். வெளியிலிருந்து வருகிறவர் அந்தப் பக்கத்துக்குப் போகவே மாட்டார்.

கில்பர்ட்டுக்கு இந்த விஷயத்தில் பழைய சூடு ஒன்று உண்டு. அந்தச் சூட்டில் எனக்கும் கொஞ்சம் பட்டிருக்கிறது.

1990-ல் அவர் செய்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' எனக்குத் தொண்ணூறுகளின் நடுவில்தான் கிடைத்தது. கல்லூரி நண்பன் ஒருவன் கைப்பிடி ஃப்ளாப்பிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தான். கூடவே அட்டையில் ஒரு சக்கரம். அந்த ஆட்டத்தோடு கடற்கொள்ளையர்களின் முகங்கள் வரைந்த இரண்டு வட்ட அட்டைகள் வரும். ஒன்றன்மேல் ஒன்றைச் சுழற்றி, நெற்றியையும் தாடியையும் சரியாகப் பொருத்தினால் ஒரு வருஷம் தெரியும். அதை அடித்தால்தான் ஆட்டம் திறக்கும். திருட்டு நகலைத் தடுக்க அவர்கள் கண்டுபிடித்த பூட்டு. எங்கள் சக்கரம் ஜெராக்ஸ் எடுத்து, காலண்டர் அட்டையில் ஒட்டி, நடுவில் டிராயிங் பின் குத்தியது. பூட்டுக்கே நகல்.

ஆட்டத்தில் ஒரு காடு வரும். காட்டில் ஒரு மரத்தின் அடிக்கட்டை. அதைத் தொட்டால், உள்ளே ஒரு ஓட்டை இருக்கிறது, அது குகைகளுக்குப் போகிறது என்று நாயகன் குதூகலிப்பான். உடனே திரை கறுத்து, 22-ஆவது ஃப்ளாப்பியைப் போடு என்று கேட்கும். என்னிடம் இருந்ததோ ஒற்றை இலக்கம். என்டரைத் தட்டினால் 36-ஐக் கேட்கும். மறுபடி தட்டினால் 114. கடைசியில் நாயகன், சரி போகட்டும், அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டியதுதான் என்கிற தோரணையில் திரும்பிவிடுவான். அப்படி ஒரு ஃப்ளாப்பியே கிடையாது. ஃப்ளாப்பி மாற்றி மாற்றிக் கை நொந்துபோன அந்தக் காலத்து ஆட்டக்காரர்களைப் பார்த்துச் செய்த கேலி அது.

எனக்கு அது கேலி என்று தெரியவில்லை. நண்பன் முழு செட்டையும் தராமல் நல்ல நல்ல குகைகளையெல்லாம் வீட்டில் ஒளித்துவைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் ஏதோ கேட்க, "மிச்ச ஃப்ளாப்பி எங்கடா?" என்று நான் எகிற, 114 ஃப்ளாப்பி வாங்க ஆகும் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிளே வாங்கலாமே என்று அவன் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

இதில் நான் தனியாள் இல்லை. அமெரிக்காவில் கம்பெனியின் உதவி எண்ணுக்கே ஆட்கள் போன் போட்டு, என் பெட்டியில் 22-ஆவது ஃப்ளாப்பி விட்டுப்போயிருக்கிறது என்று புகார் சொன்னார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு வந்த சிடி பதிப்பில் அந்த ஜோக்கையே எடுத்துவிட்டார்கள். ஆனால் கில்பர்ட் அதோடு விடவில்லை. அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில், நட்டநடுக் காட்டில் ஒரு டெலிபோன் இருக்கும். எடுத்தால் அதே கம்பெனியின் உதவி மையம். அந்த மரக்கட்டை ஜோக்கை எவன் எழுதினான் என்று நாயகனே கேட்கலாம். தோற்றுப்போன ஜோக்கைப் பற்றிய ஜோக். போன் வந்து வந்து தலைவலி பட்டவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களா, பல்லைக் கடித்தார்களா என்றுதான் எனக்கு ஆவல்.

அதே முதல் பாகத்தில் வேறு இரண்டு இடங்கள். உள்குத்தை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை நான் காட்டும் உதாரணங்கள் அவை. நாயகன் ஒரு மலை விளிம்பில் நிற்பான். விளிம்பு பொடிந்து அதலபாதாளத்தில் விழுவான். அந்தக் காலத்தில் சியரா என்ற போட்டிக் கம்பெனியின் ஆட்டங்களில் காலடி தவறினால் சாவுதான். முதலிலிருந்து தொடங்கு, பழைய இடத்தை மீட்டெடு, வெளியேறு என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இங்கேயும் அச்சு அசலாக அதே பெட்டி வரும். நெஞ்சு பதறும். இரண்டு நொடியில் நாயகன் கீழேயிருந்து பந்து மாதிரி எம்பி வந்து விளிம்பில் நிற்பான். கீழே ரப்பர் மரம் இருந்ததாம்! சியராவை நான் அன்று கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் நாற்காலியிலிருந்து விழாத குறை. இன்னொன்று, மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தன். எது கேட்டாலும் ஆமாம் என்ற ஒரே சொல். அவன் சட்டையில் 'லூம் பற்றி என்னிடம் கேள்' என்று ஒரு பேட்ஜ். கேட்டால், மடை திறந்தாற்போல, அதே கம்பெனி அதே வருஷம் வெளியிட்ட 'லூம்' ஆட்டத்தின் விளம்பரத்தை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். லூம் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும், வாயே திறக்காத மனுஷன் திடீரென்று இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆகிவிடுவது நமக்குப் புரிந்துவிடுகிறது.

மரக்கட்டைக்கும் மலை விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தெரியாதவனை ஒன்று வாசலிலேயே நிறுத்துகிறது, இன்னொன்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் தெரிந்துகொள் என்கிறது.

திம்பிள்வீட் பார்க்கில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. பெருங்காயம் போல் அளவாகப் போட்ட இடங்களும் உண்டு, டப்பாவே கவிழ்ந்த இடங்களும் உண்டு. பிணத்தை ரொம்ப நேரம் விட்டால் பிக்சல் பிக்சலாகப் போய்விடுமே என்று ஏஜென்ட் கவலைப்படுவது முதல் வகை. பெரிய பெரிய கட்டங்களாக வரைந்த பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்வதால் விளக்கவுரை வேண்டாம். ஊரின் ஷெரீஃப், பிணப் பரிசோதகர், ஹோட்டல் மேனேஜர் மூவரும் ஒரே ஆள் மாதிரி இருப்பார்கள். பேச்சின் கடைசியில் ஒட்டும் வால் மட்டும் வேறு. ஷெரீஃப் எதைச் சொன்னாலும் 'அ-ரீனோ' என்று முடிப்பார். பிணப் பரிசோதகருக்கு 'அ-ஹூ'. நீங்கள் ஒரே ஆள்தானே என்று கேட்டால் முகத்தில் ஈயாடாது, இல்லவே இல்லை என்பார்கள். சின்ன கம்பெனி, ஓவியத்துக்குக் காசில்லை, ஒரே பொம்மையை மூன்று முறை போட்டுவிட்டோம் என்று அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

தூசி ஜோக்கை நான் முதல்முறை தவறவிட்டேன். அங்கங்கே தரையில் தூசித் துகள் கிடக்கும். கர்சரை மேலே கொண்டுபோனால்தான் பெயர் தெரியும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். எதற்கும் உதவாது. பழைய அட்வெஞ்சர் ஆட்டங்களில் சாவி என்பது திரையில் இரண்டு புள்ளியாக ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கர்சரால் திரையைப் பெருக்கிப் பெருக்கிக் கண் பூத்துப்போகும். ரசிகர்கள் முப்பது வருஷமாக அதைச் சொல்லித் திட்டினார்கள். அதற்குப் பதில்தான் இந்தத் தூசி. தேடச் சொன்னால்தானே திட்டினீர்கள், இப்போது ஒன்றுக்கும் ஆகாததைத் தேடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். தேடுகிறார்கள்! எல்லாவற்றையும் பொறுக்கினால் அதற்கு ஒரு விருதும் உண்டு.

டப்பா கவிழ்ந்த இடங்கள் என்று நான் சொல்வது, பெயரைச் சொன்னாலே சிரித்துவிடுவார்கள் என்று நம்பிய இடங்களை. 'மேனியாக் மேன்ஷ'னில் சக் என்று பெயர் வைத்த ஒரு தொட்டிச்செடி உண்டு. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் ஆட்டங்களில் அங்கங்கே அது தலைகாட்டும். இங்கே ஊரையே கையில் வைத்திருக்கும் தலையணை ஆலை முதலாளிக்கு சக் என்று பெயர். தெரிந்தவர்கள் புருவம் உயர்த்துவார்கள், அவ்வளவுதான். அதே ஆட்டத்தில் பெட்ரோல் இல்லாத ரம்பம் ஒன்றும் இருந்தது. எங்கே தேடினாலும் பெட்ரோல் கிடைக்காது. அடுத்த வருஷம் டேவிட் ஃபாக்ஸ் செய்த 'சாக் மெக்ராக்க'னில், செவ்வாய் கிரகத்தில் பெட்ரோல் கேன் கிடைத்தது. அதை எடுக்கப் போனால், அது வேற ஆட்டத்து ரம்பத்துக்கு என்று பதில் வரும். இது 1988-ல். ஒரு ஆட்டத்தில் நட்ட ஏமாற்றத்தை இன்னொரு ஆட்டத்தில், அதுவும் வேறு கிரகத்தில், அறுவடை செய்த துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். அதே டேவிட் ஃபாக்ஸ் திம்பிள்வீட் பார்க்கிலும் வேலை செய்திருக்கிறார். ஆனால் 2017-ல் வந்து அதையெல்லாம் மறுபடி நினைவுபடுத்தும்போது, ஸ்கூல் ரீயூனியனில் வாத்தியார் பட்டப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆள் மாதிரி கொஞ்சம் ஆகிவிடுகிறது.

டிவி சமாசாரம் வேறு மாதிரி. கோட்டு போட்ட ஒரு ஆண் ஏஜென்ட், ஒரு பெண் ஏஜென்ட், நிழல் நிழலாக ஒரு சிற்றூர், ஒரு டைனர். பார்த்ததும் 'எக்ஸ்-ஃபைல்ஸ்', 'ட்வின் பீக்ஸ்' இரண்டும் ஞாபகம் வரும். வந்தது 1993-லும் 1990-லும். கதையோ 1987-ல். யாரும் கவலைப்படவில்லை. அந்தக் காலத்தை நினைக்கிறவர்களின் மண்டையில் எல்லாம் ஒரே அலமாரியில்தான் அடுக்கியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாமும் ஒரு பழைய பாட்டைக் கேட்டுவிட்டு, அது வராத வருஷத்து மழையையெல்லாம் அதோடு சேர்த்துச் சொல்கிறோமே.

உள்குத்து வாசலைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. மங்கி ஐலண்டில் கொள்ளையர்கள் குடிக்கும் 'க்ரோக்' என்ற சரக்குக்கு ஒரு செய்முறை சொல்லப்படும். மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட், அச்சு மசகு என்று போகும் பட்டியலில் 'ஸ்கம்' என்றும் ஒரு சேர்மானம். ஸ்கம் என்பது அந்த ஆட்டங்களை எழுத கில்பர்ட் குழு உருவாக்கிய கணினிக் கருவியின் பெயர். 2009-ல் அர்ஜென்டினாவின் சி5என் என்ற செய்தி சேனல், இளைஞர்களிடையே 'க்ரோக் எக்ஸ்டி' என்ற அபாயகரமான பானம் பரவுகிறது என்று அந்தச் செய்முறையை வைத்தே எச்சரிக்கைச் செய்தி வாசித்தது. 22-ஆவது ஃப்ளாப்பி கேட்ட எனக்கு அந்தச் செய்தி ஆசிரியர்மேல் சிரிப்பு வரவில்லை. பரிவுதான் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் என்னை உட்காரவைத்தது டெலோரஸ். சக்கின் அண்ணன் மகளோ தம்பி மகளோ, வாரிசு அவள்தான். தலையணை ஆலையை அவள் கையில் கொடுக்கப் பார்க்கிறார். அவளுக்கோ அட்வெஞ்சர் கேம் எழுத ஆசை. பத்திரிகையில் 'எம்முகாஸ்ஃபிளெம் கேம்ஸ்' என்ற கம்பெனியின் வேலை விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போடுகிறாள். பெயரைக் கொஞ்சம் முன்னுக்குப் பின் ஆட்டினால் அது எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். 1987 ஏன் என்பதும் தெரிந்துவிடும். கில்பர்ட்டும் வினிக்கும் 'மேனியாக் மேன்ஷ'னை வெளியிட்ட வருஷத்தில், அதே மாதிரி ஒரு கம்பெனிக்கு, எங்கோ ஒரு மூலையூரிலிருந்து ஒரு பெண் தபாலில் விண்ணப்பம் போடுகிறாள். லூகாஸ்ஃபிலிம் என்ற பெயரே கேள்விப்படாதவர்களுக்கும் அது போதும்: வீட்டில் ஒரு தொழில் காத்திருக்கிறது, பிள்ளைக்கு வேறொன்றில் பைத்தியம், வீட்டுப் பெரியவரின் முகம் மாறுகிறது. நம் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் யார். கதையின் முடிவைச் சொல்லமாட்டேன். நாம் ஒரு ஆட்டத்துக்குள் இருக்கிறோம் என்பதை அந்த ஆட்டமே மறக்கவிடாது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சரி, அக்கா மகன். அன்று சாயங்காலம் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டான். யூடியூபில் பார்த்துவிடுவான் என்று நினைத்தேன். ஆட்டத்துக்குள் இருக்கும் அதே டெலிபோனில் குறிப்பு சொல்லும் ஒரு இயந்திர எண்ணும் இருக்கிறது, 'ஹின்ட்ட்ரான் 3000' என்று பெயர், ஆட்டம் வெளிவந்த பிறகு சேர்த்தது. அந்தக் காலத்தில் நிஜமாகவே கம்பெனிகள் இப்படி ஒரு எண் வைத்திருந்தன, போன் பில் ஏறும் என்று சொன்னேன். "இது ஃப்ரீயா?" என்று கேட்டுவிட்டு அடித்தான். குறிப்பு வந்தது. குறிப்பைக் கேட்டுக்கொண்டு பிணத்தைப் பார்க்கப் போவான் என்று பார்த்தால், மறுபடி டைரக்டரியைத் திறந்தான். முகம் தெரியாத ஒரு ஆள் ஏதோ பாடி வைத்திருந்ததை மூன்று முறை கேட்டான்.

எரிச்சலூட்டும் ஜோக்குகளை அணைத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "எது ஜோக்குன்னே தெரியலையே மாமா, அப்புறம் எதை அணைக்கிறது?" என்றான்.

ஷெரீஃப்பின் வால் மட்டும் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை பல் தேய்க்கும்போதே "தண்ணி வரல-அ-ரீனோ" என்று கத்தினான். அக்கா என்னைத்தான் முறைத்தாள். இவனை ஏதோ யூடியூப் கிறுக்கனாக்கி விட்டேனாம். நான்கு நாள் அந்த வீட்டில் எல்லா வாக்கியத்துக்கும் அந்த வால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, அக்கா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "இட்லி ஆறுது, தின்னுட்டுப் போடா-அ-ரீனோ."